எழுந்து போகும் இடம்

போர்வைக்குள் அம்மாவின் கால் அசைந்ததும் அப்பா படிப்பதை நிறுத்தினார்.

மடியில், அச்சுக்குப் போகவேண்டிய நாவலின் ப்ரூஃப் தாள்கள். படித்துக்கொண்டிருந்த வரியின் மேல் விரல் அப்படியே நிற்க, கண்ணாடிக்கு மேலாக அந்தக் காலையே பார்த்தார். கால் மறுபடியும் அசைந்தது. குதிகால் மெத்தையை அழுத்திக் கட்டிலின் விளிம்புப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அதற்குமேல் முடியாமல் நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்கள் மூடியிருந்தன. மூச்சு மட்டும், நேற்றிலிருந்து இருப்பதைப் போல, வருவதும் வரலாமா என்று யோசிப்பதுமாக இருந்தது.

"சரி, சரி," என்றார் அப்பா. "எடுத்துடறேன்."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தாளின் ஓரத்தில் 'எ' என்று ஓர் எழுத்தை எழுதினார். பிறகு அந்தப் பத்தியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் வரிவரியாகக் கோடு போட்டு வெட்டினார். வெட்டி முடித்ததும் எழுந்து, அம்மாவின் காலைப் பழைய இடத்தில் எடுத்து வைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

கட்டிலுக்கு மறுபக்கம் சின்னு நின்றிருந்தாள். அம்மாவின் உதட்டை நனைக்க ஈரத்துணியோடு வந்தவள். "அப்பா" என்று கூப்பிட வாய் எடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இந்த ஒரு மாதத்தில் அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு இருந்தது.

"பாத்தியா?" என்றார் அப்பா, மெல்லிய குரலில். "இந்த நிலைமையிலயும் அவளுக்குத் தெரியுது."

சின்னு துணியை அம்மாவின் உதட்டில் ஒற்றினாள்.

வயது முப்பதைத் தாண்டிய பிறகும் அவள் சின்னுதான். வீட்டின் முன்னறையே பதிப்பகமாக இருந்ததால் அந்தச் செல்லப்பெயரைக் கழற்றி வைக்க அவளுக்கு ஓர் இடம் அமையவில்லை. படிப்பு முடிந்த கையோடு அப்பா அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார். பக்கம் கட்டுவது, திருத்தம் போடுவது, அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவள் வேலை. எதைப் போடுவது, எதைக் குறைப்பது என்பது அப்பாவின் வேலை.

அப்பா நாவல்கள் மட்டும்தான் போடுவார். பெரிய பதிப்பகம் இல்லை. ஆனாலும் அவர் போட்ட நாவலை எடுத்தால் கீழே வைக்க முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. வாசகரின் நாடி தெரிந்தவர் என்பார்கள். கூட்டங்களில் யாராவது அந்த ரகசியத்தைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நம்ம வாசகர் சொல்லுவார், நான் கேட்டுக்குவேன்" என்பார். கேட்டவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டுவார்கள். அது அடக்கம் இல்லை. சொல்லுக்குச் சொல் உண்மை.

அந்த வாசகர் அம்மா.

மாலையில் அம்மா கூடத்தில் துணி மடிக்க உட்காருவாள். அப்பா எதிர் நாற்காலியில் அமர்ந்து ப்ரூஃபை உரக்கப் படிப்பார். வாய்விட்டுப் படித்தால்தான் பிழை தட்டுப்படும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவருடைய கவனம் பாதி வரியிலும் பாதி அம்மாவிடமும் இருக்கும். அம்மா உட்கார்ந்திருக்கும் வரைக்கும் படித்துக்கொண்டே போவார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனால் அந்த இடத்தின் ஓரத்தில் 'எ' விழும். எழுந்தாள் என்று அர்த்தம்.

அப்பா அவசரமாக முடிவுக்கு வருகிறவர் இல்லை. அடுப்பில் பால் இருந்தாலோ வாசலில் மணி அடித்தாலோ, அந்த 'எ'வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். சில நாள் கழித்து, "இந்தப் பக்கத்துல ஒரு பிழையை விட்டுட்டேன் போலிருக்கு" என்று அதையே மறுபடி படிப்பார். அம்மா மறுபடி எழுந்தால் பத்தி போயிற்று. பெரும்பாலும் அம்மா மறுபடி எழுந்தாள்.

வேலைக்கு வந்த புதிதில் சின்னு 'எ' என்றால் 'எடு' என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள். அப்பா பதறிப்போனார்.

"அதை மட்டும் செஞ்சுடாதே. தெரிஞ்சா எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அப்புறம் அவ வாசகர் இல்ல, என் பொண்டாட்டி."

அச்சாகி வந்த புத்தகத்தை அம்மா பிரித்துப் பார்க்க மாட்டாள். காதால் கேட்டாகிவிட்டது, கண்ணுக்கு வேறு எதற்கு வேலை என்பாள். அதனால் எது போனது, எது நின்றது என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்தது.

எழுத்தாளர்களுக்கும் தெரியாது. 'நம்ம வாசகருக்கு இது ஒத்துவரல' என்று அப்பா சொல்லும்போது ஒருவர் மனதில் ஓய்வுபெற்ற நீதிபதி வந்தார், இன்னொருவர் மனதில் புத்தகக் கடை முதலாளி வந்தார். எல்லோரையும்விட அதிகம் அடிபட்டவர், அந்த வீட்டில் 'கமா' என்று பெயர் வாங்கிய நாவலாசிரியர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் கமா போட்டுப் போட்டு அடுத்த பக்கம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். "இவரு நடுவுல மூச்சே விடமாட்டாரா?" என்று கேட்டு அந்தப் பெயரை வைத்தது அம்மாதான்.

ஒருமுறை கமா முன்னறையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். தான் யாருக்காகவும் எழுதுவதில்லை என்றும், எதிரே இருக்கும் சுவரைப் பார்த்து எழுதுவதாகவும், சுவர் குறுக்கே பேசாது என்றும் சொன்னார்.

"உங்க வாசகரை ஒரு நாள் என் கண்ணுல காட்டுங்க சார். கையைக் குடுக்கறதா, கழுத்தைப் பிடிக்கறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கறேன்."

அப்போது அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும்மா என்றார் கமா, பவ்யமாக. அவர் படியிறங்கிப் போன பிறகு அப்பாவும் சின்னுவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்ட அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அப்பா படிப்பதை விடவில்லை. எல்லாம் போனாலும் காது கடைசி வரை இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்பா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கமாவின் புது நாவல் ப்ரூஃபாக இருந்தது, அதை எடுத்து வந்தார். ஆனால் அம்மாவால் எழுந்து போக முடியாது. பக்கம் பக்கமாகப் படித்தும் ஓரங்கள் வெள்ளையாகவே இருந்தன. எல்லாமே நன்றாக இருக்கிறதா, எல்லாமே மோசமாக இருக்கிறதா, ஒன்றும் புரியவில்லையே என்று அப்பா சின்னுவிடம் வந்து புலம்பினார்.

போன வாரம் ஒரு மாலை, அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சின்னுவைக் கண்ணால் கூப்பிட்டாள். அப்போது கொஞ்சம் பேச முடிந்தது. சின்னு குனிந்தாள்.

"அவரை ஒரு நிமிஷம் வெளியில அனுப்பு."

சின்னு ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி அப்பாவைக் கடைக்கு அனுப்பினாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. சின்னு துடைத்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள்.

"வலி இல்ல. அவரு படிச்சாரே, அது." அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்னெல்லாம் எழுந்து போயிடுவேன். குழாயைத் திறந்து விட்டுட்டு, அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்துடுவேன். இப்ப எங்க போறது?"

சின்னுவின் கை அம்மாவின் கன்னத்தில் அப்படியே நின்றது.

"நீ போரடிச்சு எழுந்து போறேன்னு நினைச்சேம்மா."

"போரா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. "போரடிச்சா எதுக்கு எழுந்திருக்கணும்? நல்லாத் துணி மடிக்கலாம். அது பாட்டுக்கு ஓடும், நம்ம பாட்டுக்கு மடிச்சுக்கிட்டு இருப்போம்."

"அப்பா முன்னாடியே அழுதா என்னம்மா?"

"அவரு பிழை பாத்துக்கிட்டு இருப்பாரு. நடுவுல நான் மூக்கை உறிஞ்சினா வேலை கெடாதா?"

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று சின்னு நினைத்தபோது மறுபடியும் பேசினாள். எப்போதோ அப்பா படித்த கதையில் வந்த மீன் வண்டிக்காரன் ஒருவனைப் பற்றி. தன் பெண் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பானே, தோழிகளோடு வருகிறவள் அவனைத் தெரியாத மாதிரிப் போய்விடுவாளே, யாரப்பா வேண்டும் என்று காவலாளி கேட்டதும், வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவானே, அவன்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் குழாய்கிட்டயே நின்னேன் தெரியுமா? படிச்சவங்க எல்லாருமே அழுதிருப்பாங்க, இல்ல?"

அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. கமாவின் பழைய நாவல் ஒன்றில் இருந்தது அது. ஓரத்தில் 'எ' இருந்தது, கேள்விக்குறி இல்லாத 'எ'. சின்னுதான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இழுத்துப் பிடித்து அழித்தாள். பத்தி போன பிறகு பக்கம் அழகாக உட்கார்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னதுகூட நினைவிருந்தது.

"ஆமாம்மா," என்றாள்.

அதன் பிறகு அம்மாவின் பேச்சு குறைந்து, இரண்டொரு நாளில் நின்றே போயிற்று.

இன்று அப்பா வெட்டியது பொத்தான் பக்கம். கதையில் ஒருவனின் மனைவிக்கு ஒரு பக்கம் செயலிழந்து போகிறது. மாதக்கணக்கில் பழகி, ஒரு நாள் தன் மேல்சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொள்கிறாள். எல்லாம் ஒன்று தள்ளி விழுந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். அவன் தன் சட்டையைக் கழற்றி, ஒன்று தள்ளி மாட்டிக்கொள்கிறான். இருவரும் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். கமாவாக இருந்தும் அந்தப் பக்கத்தில் வாக்கியங்கள் குட்டை குட்டையாக இருந்தன. அதைத்தான் அப்பா படித்தார். அங்கேதான் அம்மாவின் கால் அசைந்தது.

மதியம் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. எதையாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள் அத்தான் என்று அப்பாவைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தாள். அவர் தட்டில் பாதியை வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த அத்தியாயம் ஒரு கல்யாண வீட்டுச் சண்டை. கொஞ்சம் நீளம்தான். நாற்காலிகளுக்கு நடுவே மாமனும் மைத்துனனும் ஒருவர் குலத்தை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இரண்டு குரலில் படித்தார். அவ்வப்போது அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டார்.

கால் அசையவில்லை. அப்பா படித்துக்கொண்டே போனார்.

சின்னு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். போர்வையின் மடிப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அது இறங்கியபின் ஏறக் காத்திருந்தாள். மாமன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனான். மைத்துனன் பின்னாலேயே போனான். மடிப்பு ஏறவில்லை. அவள் அம்மாவின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

அப்பா தலை நிமிரவில்லை. அம்மாவுக்கு இந்த அத்தியாயம் பிடித்திருக்கிறது என்ற தைரியத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். மைத்துனனைப் போல உறுமினார். சின்னு அவரை நிறுத்தவில்லை. அத்தியாயம் முடியும் வரைக்கும் படிக்க விட்டாள். கடைசி வரி முடிந்து, அவர் தாளைத் திருப்பப் போனபோது, "அப்பா, போதும்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டிச் சீராக்கி, பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தார்.

பிறகு வீடு மற்றவர்கள் கைக்குப் போயிற்று. சித்தி அலமாரியைத் திறந்து புடவை தேடினாள். பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். முன்னறையில் கூரை வரைக்கும் இருந்த புத்தகக் கட்டுகளை இரண்டு பேர் ஓரமாக நகர்த்தி இடம் பண்ணினார்கள். நாளிதழ் விளம்பரத்துக்கு வாசகம் கேட்டார்கள். அப்பா ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதினார். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, பெரும்பாலான வரிகளை அடித்துவிட்டார்.

"படிக்கிறவங்களுக்கு எத்தனை மணிக்கு எடுக்கறோம்னு தெரிஞ்சா போதும்," என்று தாளை நீட்டினார்.

மறுநாள் காலை கமா வந்தார். கையில் மாலை. அதை வைத்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, ஆண்கள் இருந்த பக்கம் போகாமல், வண்டி வரும் வரைக்கும் புத்தகக் கட்டுகளுக்கு அருகில் நின்றார். சின்னு அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அம்மா தன்னிடம் சர்க்கரை போதுமா என்பதற்கு மேல் பேசியதே இல்லை என்றும், ஆனால் ஒரே ஒரு தடவை பேசினாள் என்றும் சொன்னார். அப்பா உள்ளே போன சமயம் பார்த்து, அந்த மீன் வண்டிக்காரனிடம் அவன் பெண் கடைசியில் பேசினாளா என்று கேட்டாளாம்.

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்தப் பக்கம்தான் புத்தகத்துலயே வரலையே. எப்படித் தெரியும்னு கேக்கறதுக்குள்ள சார் வந்துட்டாரு. கையெழுத்துப் பிரதியைப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு ரெண்டு நாவல் எழுதிட்டேன்மா நான்."

சின்னு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். இன்றைக்குக் கேட்கக்கூடாது, தெரியும், மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தார். புது நாவலில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், அந்தக் கல்யாணச் சண்டையை மொத்தமாகவே தூக்கிவிடட்டும் என்றார்.

"அந்தப் பொத்தான் பக்கம் மட்டும் உங்க வாசகர் கண்ணுல படாம பாத்துக்க முடியுமா? அது எங்க வீட்டுல நடந்தது. அதை எழுதறதுக்குத்தான் மத்ததெல்லாம் எழுதினேன்."

"பாக்கறேன் சார்," என்றாள் சின்னு.

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து குளித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனபோது சாயங்காலமாகிவிட்டது. சித்தி உள்ளறையில் படுத்தவள் அசதியில் தூங்கிப்போனாள். முன்னறையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டுச் சின்னு எட்டிப் பார்த்தாள். அப்பா மேசை முன் உட்கார்ந்து ப்ரூஃப் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் படுங்கள் அப்பா என்றாள். படுத்தால் தூக்கம் வராது, அச்சகத்துக்குச் சொன்ன தேதி இருக்கிறது என்றார். அச்சகம் காத்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா வெட்டிய பக்கத்தை எடுத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது ஒண்ணுதான் திருத்தம். மத்ததெல்லாம் அப்படியே போகட்டும். இந்த எழுத்தாளர் வந்து என்ன சொன்னாலும் இதுல மட்டும் கை வைக்காதே. அவ கடைசியா சொன்னது இது."

சின்னு அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள். பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய், அந்தப் பத்தியை அழிக்காமல் விட்டுவிடலாம். அப்பா கடைசிப் பிரதியை அவளை நம்பித்தான் அனுப்புகிறார். புத்தகம் வந்த பிறகு பார்த்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கமாவுக்கு அவர் பக்கம் கிடைக்கும். அப்பாவுக்கு அவருடைய 'எ' இருக்கும். அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவம் அவ," என்றார் அப்பா. அவளிடம் என்று இல்லை, பொதுவாக. "இத்தனை வருஷமா எத்தனை தடவை எழுந்து போயிருப்பா. எவ்ளோ போரடிச்சிருப்பேன் அவளுக்கு. ஒரு நாள்கூடப் போதும் நிறுத்துங்கன்னு சொன்னது இல்ல."

சின்னு மறுபடியும் உட்கார்ந்தாள். தாளை மேசையில் வைத்தாள். அதன் ஒரு முனை சுருண்டிருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டே, "அம்மாவுக்குப் போரடிக்கலப்பா" என்றாள்.

அவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

"சும்மா சொல்லல. எழுந்து போனது போரடிச்சு இல்ல. அழறதுக்குப் போவா. உங்க வேலை கெட்டுடும்னு உள்ள போய் அழுதுட்டு வருவா. அம்மாதான் சொன்னா. போன வாரம் உங்களை மருந்துக்கு அனுப்பினேனே, அப்ப."

அப்பாவின் தலையாட்டல் நின்றது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். அவர் சின்னுவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க இருந்த அலமாரியைப் பார்த்தார். அவர் போட்ட புத்தகங்கள் எல்லாம் அங்கே, முதுகு காட்டி, வரிசையாக இருந்தன.

"அவ உக்காந்து கேட்டதெல்லாம்?" என்றார்.

சின்னு தாளின் முனையை இன்னொரு முறை நீவினாள்.

"துணி மடிச்சாப்பா."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கப் போகிறாரோ என்று அவள் நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் எடுத்துட்டேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எல்லாரும் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா."

"நீ சொல்லலையே?"

"சொல்லலப்பா."

ஜன்னல் பக்கம் வெளிச்சம் குறைந்தது. சின்னு விளக்கைப் போட எழலாமா என்று யோசித்தாள். எழாமல் இருந்தாள்.

பிறகு அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பினார். வெட்டிய வரி திரும்ப வேண்டுமென்றால் ப்ரூஃபில் கோட்டை அழிப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே புள்ளி வைத்து, பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது வழக்கம். வேறு இடங்களிலிருந்து வரும் ப்ரூஃப்களில் சின்னு அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா அப்படி ஒரு முறையும் செய்ததில்லை. வெட்டியதை அவர் திரும்பக் கேட்டதே கிடையாது.

சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'இருக்கட்டும்' என்று எழுதினார். முதல் சொல்லின் கீழே ஒரு புள்ளி வைத்தார். அடுத்ததன் கீழே ஒன்று. பேனா முனை தாளில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் சட்டையைக் கழற்றினான். ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டான். இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். எல்லாவற்றுக்கும் கீழே புள்ளிகள் போய்ச் சேர்ந்தன.

பத்தி முடிந்தது. அப்பா தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தை எடுத்தார். அதில் எதுவும் வெட்டியிருக்கவில்லை. அம்மா கடைசியாகக் கேட்ட கல்யாண வீட்டுச் சண்டை தொடங்கும் இடம் அது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து புள்ளி வைக்க ஆரம்பித்தார்.